உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின் ஒன்பதாவது வாரம்: நான்கு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 56. சென்ற ஐப்பசியில் தோசையின் முறுகலான ஓரம் நெஞ்சுக்குள் நிற்பதாகச் சொன்னார். தை பிறப்பதற்குள் இட்லியைக்கூட ரசத்தில் கரைத்துத்தான் விழுங்க முடிந்தது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. 23 முறை கதிர்வீச்சும் (எங்கள் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள்), அதனுடன் வாரம் ஒன்றாக ஐந்து கீமோவும் கொடுத்து, எட்டு வாரம் பொறுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நோயுற்ற பகுதி முழுவதும் எடுக்கப்பட்டது என்றும், நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை என்றும் அறிக்கை வந்திருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகியும், சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே எங்களுக்குக் கலக்கம் பிடித்துக்கொள்கிறது. குழைந்த சோறு நான்கு கரண்டி உள்ளே போனதும் நெஞ்சை அடைப்பதாகச் சொல்லி எழுந்துவிடுகிறார். சில நாள் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுகிறார். 71 கிலோ இருந்தவர் இப்போது 58. வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாய் வழியாக இரவில் திரவ உணவு செலுத்துகிறோம். அதை எப்போது எடுப்பார்கள் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்பதில்லை, குரலும் கம்மிவிட்டது. அவருக்குப் பிடிக்குமே என்று உளுந்தங்களியைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுத்தேன். அன்றுதான் எல்லா நாளையும்விட மோசமாகப் போயிற்று.

'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று நான் கெஞ்சுவதும், அவர் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நாள்தோறும் ஐந்தாறு முறை நடக்கின்றன. முப்பது ஆண்டு இல்லறத்தில் நாங்கள் இப்படி மனம் கசந்ததில்லை. புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் தையலையும் ஸ்கேனையும் பற்றிக் கேட்கத்தான் நேரம் இருக்கிறது. இந்த வழியில் நடந்து வந்தவர்கள் இருந்தால், நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள்.


மலைக்கோட்டை | திங்கள், காலை 6.50

சகோதரிக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். இதே அறுவை எனக்கு நடந்து ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. உங்கள் பதிவில் உள்ள ஒவ்வொரு வரியும் என் வீட்டிலும் நடந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஐவர் லூயிஸ்' என்ற பெயர் இருக்கக்கூடும். 1946-இல் இந்த முறையை விவரித்த வேல்ஸ் நாட்டு அறுவை நிபுணரின் பெயர் அது. முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையை விடுவித்து நீண்ட குழாயாக ஆக்கிக்கொள்கிறார்கள். பிறகு வலப்பக்க மார்பின் வழியாக நோயுற்ற பகுதியை அகற்றிவிட்டு, மேலே எஞ்சியிருக்கும் உணவுக்குழாயோடு அதைத் தைத்து இணைக்கிறார்கள். அதாவது, சோறு தங்கிக் கரைவதற்கென்று இருந்த பை இப்போது நெஞ்சுக்குள் ஒடுங்கிய குழாயாக நிற்கிறது. முன்பு ஒரு லிட்டருக்கு மேல் விரிந்துகொடுத்த இடம் அது. இன்று நான்கு கரண்டியில் நிறைந்துவிடுகிறது. மூளையையும் இரைப்பையையும் இணைக்கும் வேகஸ் என்ற நரம்பும் இந்த அறுவையில் வெட்டுப்படுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகிறது. ஆகவே 'பசிக்கவில்லை' என்று அவர் சொல்வதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு உண்மையிலேயே பசிப்பதில்லை. நான் பசியை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு இன்றுவரை கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்: காலை ஆறரை, எட்டரை, பதினொன்று, ஒன்றரை, நான்கு, ஆறரை, எட்டு.

உளுந்தங்களி விஷயத்தில் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உளுந்து நல்ல உணவுதான். கருப்பட்டிதான் காரணமாக இருந்திருக்கும். இனிப்பு அந்தக் குழாயில் தங்காமல் விரைந்து சிறுகுடலுக்குள் இறங்கும்போது, உடம்பில் இருக்கும் நீரை அங்கே இழுக்கிறது. அதனால்தான் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம். என் மருத்துவமனையில் இதை 'டம்பிங்' என்றார்கள். பாயசம், பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர் ஆகியவற்றை நோயாளிக்குத் தெம்பு என்று நினைத்து உறவினர்கள் கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரையும் சாப்பாட்டோடு சேர்க்காமல், அரை மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள். இருக்கிற சிறு இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளக் கூடாது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. என் மனைவி என் எதிரே உட்கார்ந்து வாய் எண்ணுவாள். அவள் எண்ணுவது தெரிந்ததும் தொண்டை இறுகிவிடும். எதிரில் பெரிய எவர்சில்வர் தட்டு, அதன் நடுவில் ஒரு கைப்பிடிச் சோறு, அதிலும் பாதி மிச்சம். ஒவ்வொரு வேளையும் தோற்றுப்போய் எழுந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். மூன்றாவது மாதத்தில் அவள் தட்டை மாற்றினாள். பேரனுக்குச் சோறூட்டிய சிறு கிண்ணத்தில் ஐந்து கரண்டி மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிடத் தொடங்கினாள். என்னைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அன்றுதான், மாதக்கணக்கில் முதல் முறையாக, 'முடித்துவிட்டேன்' என்று சொல்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை, அறுவைக்கு ஆளாகாத ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.


கரிசல்மண் | திங்கள், பகல் 12.20

மலைக்கோட்டை ஐயா மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த அறிவுரை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்று பதிவு செய்ய விரும்புகிறேன். என் தந்தைக்கு அறுவை முடிந்து ஆறாவது வாரத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். 'அவர் போக்கில் விடு, தானாகச் சாப்பிடுவார்' என்று சொன்னவர்களை நம்பி நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்து, ஒருநாள் அதிகாலையில் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்து, மறுபடியும் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் அழுது, அதட்டி, ஊட்டித்தான் அவரை நிமிர்த்தினேன். இன்று அவர் நன்றாக இருக்கிறார். 'கேட்காதே, பார்க்காதே' என்று இந்தச் சகோதரியிடம் சொல்லும்போது, கணவரை அப்படியே விட்டுவிடச் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் என் பயம்.


செந்நெல் | திங்கள், பகல் 1.05

இவ்வளவு கஷ்டம் எதற்கு? முள்சீத்தா இலைக் கஷாயம் காலை மாலை கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதிலேயே குணமடைந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.


குறிஞ்சிமலர் | திங்கள், மாலை 5.40

நான் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் உணவியல் நிபுணராகப் பணிபுரிகிறேன். எனக்கு இந்த நோய் வந்ததில்லை. ஆகவே மலைக்கோட்டை ஐயா சொன்னதை என்னால் சொல்ல முடியாது. என் தொழிலுக்கு உட்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஐயாவும் கரிசல்மண்ணும் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக எனக்குப் படவில்லை. இடையில் இருப்பது அந்தக் குழாய். கரிசல்மண்ணின் தந்தைக்குக் குழாய் இல்லை; வாய்வழியாகப் போவது மட்டுமே உணவு என்ற நிலையில் அவர் அஞ்சியது முற்றிலும் நியாயம். பொருநைக்கரை அம்மாவின் வீட்டில் குழாய் இன்னும் இருக்கிறது. இரவில் அது வேலை செய்துகொண்டிருக்கும்வரை, பகலில் வாய்வழிச் சாப்பாடு பழகுவதற்கு அவகாசம் உண்டு. ஆகவே குழாயை எடுக்க அவசரப்பட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கு அது நோயின் அடையாளமாகத் தெரியும். அது இருப்பதால்தான் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவரை நெருக்க வேண்டியதில்லை.

குழாயில் மருத்துவமனை எழுதிக்கொடுத்த திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் கழுவுங்கள். தவறிக் குழாய் வெளியே வந்துவிட்டால் மறுநாள் வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் மட்டும் பாருங்கள். நாள்தோறும் பார்த்தால் வீடே அந்த எண்ணுக்கு அடிமையாகிவிடும். இந்த அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழப்பவர்கள் நிறையப் பேர். ஆனாலும் தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால் எங்களைப் போன்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சிறிய கிண்ணத்தில் வைக்கும் ஐந்து கரண்டி சத்துள்ளதாக இருக்கட்டும். வெறும் அரிசிக் கஞ்சி இடத்தைத்தான் நிரப்பும். அதே அளவில் பாசிப்பருப்பு சேர்த்துக் குழைத்து நெய் விட்ட சோறு, ஆவியில் வேகவைத்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், கட்டித் தயிர், இனிப்பில்லாத உளுந்தங்கஞ்சி இவை எவ்வளவோ மேல். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கைநடுக்கமும் தலைசுற்றலும் வந்தால், அது சர்க்கரை தாழ்வதால் இருக்கலாம். நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12, இரும்புச்சத்து இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செந்நெல் அவர்களுக்கு: நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியிருப்பீர்கள். முள்சீத்தா எந்தப் புற்றுநோயையும் மனிதர்களிடம் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை. அதில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைப் பாதிக்கக்கூடியது. குவாதலூப் தீவில் பார்கின்சன் போன்ற நோயோடு அதைத் தொடர்புபடுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். தொடர் பரிசோதனையை நிறுத்தச் சொல்லும் எந்த யோசனையையும் ஏற்க வேண்டாம் என்று இந்த இழையைப் படிக்கும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.


வன்னிமரம் | செவ்வாய், காலை 8.10

வணக்கம் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணாவுக்குக் களத்தில்தான் புற்றுநோய். உணவுக்குழாயை நாங்கள் பள்ளிக்கூடத்தில் களம் என்றுதான் படித்தோம். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சிகிச்சைகளுக்குத் தெல்லிப்பழைக்குப் போய்வந்தார். 2011-இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து திரட்டிய நிதியில் எழும்பிய புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. அந்த நடை எங்கள் ஊரைக் கடந்தபோது அண்ணாவும் வீதியோரம் நின்று தண்ணீர் கொடுத்தவர்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க விரும்புகிறேன். நாலாவது மாதத்தில் அண்ணாவுக்குத் திரும்பவும் இடியப்பம் நெஞ்சில் நிற்கத் தொடங்கியது. நோய் திரும்பிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அண்ணா தன்னுடைய காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) எடுத்து மேசையில் வைத்துவிட்டார். பரிசோதித்தபோது, தைத்த இடத்தில் தழும்பு இறுகிச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். எண்டோஸ்கோப்பி மூலம் அந்த இடத்தை விரித்துவிட்டார்கள். அடுத்த நாளே சொதியோடு இடியப்பம் சாப்பிட்டார். பிறகும் இரண்டு முறை விரிக்க வேண்டி வந்தது. அப்படி நேர்ந்தால் பயந்து ஒளிக்காமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அண்ணா பத்து நாட்கள் மறைத்தவர். அந்தப் பத்து நாட்களும் அவர் தனியே எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைக்க இப்பவும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.


பொருநைக்கரை | செவ்வாய், இரவு 10.30

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று மதியம் தட்டை மாற்றினேன். நான் அவரைப் பார்க்காமல் சாப்பிட்டது எனக்குத்தான் கடினமாக இருந்தது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். 'பழக்கம் ஏதும் உண்டா' என்று கேட்டுவிட்டு, உண்டு என்று தெரிந்ததும் ஒரு மாதிரி தலையாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். வேறு சிலர் 'நீ ஜெயித்துவிட்டாய்' என்கிறார்கள். அதற்கும் அவர் பதில் பேசுவதில்லை.


கழிமுகம் | புதன், அதிகாலை 3.40

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்கு உறக்கம் இந்த அளவுதான். என் நோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைக்கு வழியில்லை. அடைத்த இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள், கீமோ நடக்கிறது. எனக்குப் புகையிலைப் பழக்கமும் இல்லை, மதுவும் இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்தவன். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதும் ஆபத்தாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னதைப் பின்னால்தான் படித்தேன். அதுதான் காரணமா என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா: புகையிலை கெடுதல்தான், இனி ஒருநாளும் அதைத் தொடக் கூடாது, ஆனால் பழக்கமே இல்லாத நானும் அவரோடு அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளியைப் பார்க்க வந்தவருக்கு வழக்கு விசாரிக்கும் உரிமை கிடையாது. அடுத்த முறை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், அவர் பதில் சொல்ல நேராதபடி நீங்களே பேச்சை மாற்றிவிடுங்கள்.

வெல்வது, தோற்பது என்ற பேச்சு என்னையும் உறுத்துகிறது. அறிக்கை நன்றாக வந்தவர் வென்றவர் என்றால், நான் யார்? இந்த இழையில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுவை முடிந்து மீண்டு வருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மகிழ்ச்சியில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. என்னைப் போல் நோயோடு வாழ்கிறவர்களும் சாப்பாட்டைப் பற்றிப் பேச இங்கேதான் வருகிறோம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் யாரேனும் படித்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ரொட்டி, பரோட்டா, நார் உள்ள கீரைத்தண்டு, இறைச்சித் துண்டு எதையும் தொடாதீர்கள். அவை வலையில் சிக்கிக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் இடையில் வெதுவெதுப்பான நீர் ஒரு மிடறு குடியுங்கள். (அறுவை செய்தவர்களுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் படுங்கள். வலிக்கு மார்ஃபின் எழுதிக்கொடுத்தபோது, கடைசி நாட்கள் வந்துவிட்டன என்று எண்ணி என் மகன் அந்தச் சீட்டை இரண்டு நாள் மறைத்துவைத்தான். அப்படி ஒன்றும் இல்லை. அந்த மாத்திரை வந்த பிறகுதான் நான் வாசல் திண்ணை வரை நடக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துச் செல்கிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.


மலைக்கோட்டை | புதன், காலை 6.35

கழிமுகம் ஐயா, நானும் பல முறை அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன். இனிப் பயன்படுத்த மாட்டேன். நீங்கள் எழுதும் நேரத்தில் பெரும்பாலும் நானும் விழித்துத்தான் இருப்பேன்; இரவில் தலை தாழ்ந்து படுத்தால் பித்தநீர் தொண்டைவரை ஏறி என்னை எழுப்பிவிடும். உறக்கம் வராத அன்று தனிச்செய்தி அனுப்புங்கள். பேச விஷயம் இருக்க வேண்டும் என்பதில்லை.


கரிசல்மண் | புதன், காலை 9.00

குறிஞ்சிமலர் அவர்கள் சொன்ன பிறகுதான், நான் என் தந்தையின் நிலையை எல்லாருடைய நிலையாகவும் எண்ணிவிட்டேன் என்று புரிகிறது. நேற்றிரவு அவரிடம், நான் அதட்டி ஊட்டிய நாட்கள் அவருக்கு எப்படி இருந்தன என்று கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'நீ அழக் கூடாது என்பதற்காகத்தான் விழுங்கினேன்' என்றார்.


பொருநைக்கரை | மூன்று வாரங்களுக்குப் பின், சனி, இரவு 8.45

எடை 58-இலிருந்து 58.6 ஆகியிருக்கிறது. சிறியதுதான், ஆனால் இறங்கவில்லை. கடிகாரத்தை வைத்து ஏழு வேளை கொடுக்கிறேன். இரவில் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். படபடப்பு இந்த மூன்று வாரத்தில் இரண்டே முறை வந்தது. இரண்டும் கல்யாண வீட்டிலிருந்து வந்த கேசரியால். குரல் கம்மியதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டோம். குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு அறுவையில் நலிந்திருக்கலாம் என்று சொல்லி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். குழாயைப் பற்றி அடுத்த பரிசோதனையில் முடிவு செய்வார்களாம்.

நீங்கள் எழுதியவற்றை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கழிமுகம் ஐயாவின் பதிவை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். தான் எழுதப் பழக்கமில்லாதவர் என்றும், ஐயா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும் என்றும் சொன்னார். கேட்டுவிட்டேன்.

மலைக்கோட்டை ஐயா, தனிச்செய்தியில் பேசிக்கொண்டபோது நீங்களும் இவரும் ஒரே மருத்துவமனையில்தான் பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததல்லவா? எங்களுக்கு வரும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வெளியில் மற்றவர்கள் முன்னால் சாப்பிட அவர் கூச்சப்படுகிறார். சென்ற முறை காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை ஒன்றும் சாப்பிடாமலே இருந்துவிட்டார்.


கழிமுகம் | சனி, இரவு 11.50

அவர் கேட்டதாகச் சொன்னது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இந்த வாரம் இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்தேன். ரசம் விட்டு மசித்த சோறு அரைக் கிண்ணம் இறங்குகிறது. அவருடைய குழாய் பற்றி என்ன முடிவானது என்று எழுதச் சொல்லுங்கள்.


மலைக்கோட்டை | ஞாயிறு, காலை 6.40

எனக்கு அடுத்த மாதம்தான் பரிசோதனை. இருந்தாலும் வியாழக்கிழமை வருகிறேன். இரண்டாம் மாடியில் ஸ்கேன் அறைக்கு எதிரே ஜன்னலோரமாக ஒரு நீள பெஞ்சு இருக்கிறது. பத்தே முக்காலுக்கு அங்கே இருப்பேன். பதினொரு மணி எனக்குச் சாப்பிடும் நேரம். பருப்புச் சோறும், பேரனின் கிண்ணத்தைப் போலவே இன்னொரு கிண்ணமும் கொண்டுவருகிறேன்.